கானானின் சாபமும் உரையாசிரியர் கடமையும்

நூல் பேசுவது ஒருமுறை. உரை பேசுவது பலமுறை. நூலை இயற்றியவர் மறைந்து பன்னூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், அந்நூலின் பெயரால் பேசுவோர் மறைவதில்லை. ஆகவே மக்கள் வாழ்வில் நூலைவிட உரையே மிகுதியாக ஆட்சி செலுத்துகின்றது எனலாம். இலக்கிய நூலுக்குப் பிழையான உரை எழுந்தால் பாட்டின் சுவை கெடும். மாணவன் தவறாகப் பொருள் அறிவான். அம்மட்டோடு தீங்கு நின்றுவிடும். ஆனால் கோடிக்கணக்கான மக்கள் மறைநூலாகப் போற்றும் ஒன்றுக்குப் பிழையான உரை எழுந்தால், போவது சுவை மட்டுமன்று. மனிதரின் உரிமையும் உயிரும் போகும்.

விவிலியம் அத்தகைய நூல். அதற்குப் பொருள் காண்பதற்குச் சில நெறிகள் வேண்டும் என்று அறிஞர் கூறும்போது, "நெறி எதற்கு? பக்தியோடு படித்தால் போதாதா?" என்று கேட்பவர் உண்டு. பக்தியோடு படித்தவர்களே ஒரு பெருங் கொடுமைக்குத் துணை நின்ற வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அதனை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நோயைக் கண்ட பின்னரே மருந்தின் அருமை தெரியும். நெறியின் அருமையும் நெறி தவறிய இடத்திலேதான் நன்கு விளங்கும்.

கதையும் அதற்கு எழுந்த உரையும்

ஆதியாகமத்தின் 9ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கதை வருகின்றது. பெருவெள்ளம் வடிந்த பின்பு நோவா திராட்சைத் தோட்டம் இடுகிறார். அதன் மதுவை அருந்தி மயங்கி, ஆடை விலகிய நிலையிலே தம் கூடாரத்தில் கிடக்கிறார். அவருடைய மக்களுள் ஒருவனான காம் அதனைக் கண்டு, வெளியே நின்ற உடன்பிறந்தார் இருவரிடமும் சொல்கிறான். சேம், யாப்பேத்து என்னும் அவ்விருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி நடந்து சென்று தந்தையை ஆடையால் மூடுகின்றனர். மயக்கம் தெளிந்து எழுந்த நோவா, நடந்ததை அறிந்து ஒரு சாபம் இடுகிறார். சாபம் காம் மீது விழவில்லை. அவன் மகனான கானான்மீது விழுகின்றது. அவன் தன் உடன்பிறந்தாருக்கு அடிமைகளிலும் கடைப்பட்ட அடிமையாவான் என்பது அச்சாபத்தின் கருத்து. கதை இவ்வளவே.

இச்சிறு கதையின்மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கர் சிலர் ஒரு பெரிய கட்டடத்தையே எழுப்பினர். வர்ஜீனியா மாநிலத்துப் பாப்டிஸ்டு போதகரான தார்ன்டன் ஸ்ட்ரிங்ஃபெலோ, அடிமை முறையை விவிலியம் ஒப்புகின்றது என்று காட்ட 1841இல் எழுதத் தொடங்கியபோது, நோவாவின் சாபத்தையே தம் முதற் சான்றாக வைத்தார். 1843இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரிலே நூல் வெளியிட்ட ஜோசையா பிரீஸ்ட் என்பவர் இன்னும் மேலே சென்றார். காம் என்னும் பெயருக்கே கருமை என்பது பொருள் என்றும், ஆப்பிரிக்க மக்கள் காமின் வழித்தோன்றல்கள் ஆதலின் அவர்கள் அடிமைகளாய் இருப்பது இறைவன் வகுத்த விதி என்றும் அவர் வாதிட்டார். இவை எங்கோ ஒரு மூலையில் எழுந்து மறைந்த கருத்துகள் அல்ல. பருத்தித் தோட்டங்கள் நிறைந்த தென் மாநிலங்களில் மேடைதோறும் கோயில்தோறும் இவ்வாதம் ஒலித்தது.

இனி, இவ்வுரையை நெறிப்படி சோதிப்போம்.

சாபம் யார் மேல்?

உரையாசிரியன் முதலிற் செய்ய வேண்டுவது நூலில் என்ன எழுதியிருக்கின்றது என்று பார்ப்பது. இது மிக எளிய விதி. மிகுதியாக மறக்கப்படுவதும் இதுவே. நூலிலே சபிக்கப்பட்டவன் கானான். காம் சபிக்கப்படவில்லை. அடுத்த அதிகாரமாகிய 10இல் காமின் மக்கள் நால்வர் என்று கூறப்படுகின்றது: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். இவர்களுள் மிஸ்ராயீம் என்பது எகிப்தையும், கூஷ் என்பது எகிப்துக்குத் தெற்கேயுள்ள கரியநிற மக்களின் நாட்டையும் குறிக்கும் பெயர்கள். கானானின் எல்லையோ சீதோன் முதல் காசா வரை என்று அவ்வதிகாரமே வரையறுக்கின்றது. அது ஆசியாவின் மேற்குக் கரை, ஆப்பிரிக்கா அன்று. கூஷ்மீது சாபம் ஒன்றும் இல்லை. எனவே, இச்சாபத்தை ஆப்பிரிக்க மக்கள் தலைமேல் ஏற்றுவதற்கு நூலிலே இடமே இல்லை.

இந்த இடர்ப்பாட்டை முன்னரே உணர்ந்தவர் உண்டு. பின்னாளில் ஆயரான தாமஸ் நியூட்டன் என்னும் ஆங்கில அறிஞர், தீர்க்கதரிசனங்களைப் பற்றி 1754இல் வெளியிட்ட நூலில், அரபு மொழிபெயர்ப்பு ஒன்றைத் துணைக்கொண்டு, "கானானின் தந்தையாகிய காம்" சபிக்கப்பட்டதாகப் பாடத்தைத் திருத்திக்கொள்ளலாம் எனக் கருதினார். எபிரேய மூலத்தின் பாடமோ கானான் என்பதே. பாடவேறுபாடு ஆராய்வது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. பொருள் விளங்காத இடத்தில் நல்ல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்வது ஆராய்ச்சி. தாம் கொண்ட கருத்துக்கு ஏடு இடங்கொடாதபோது ஏட்டையே திருத்துவது ஆராய்ச்சியன்று. அது நூலின் வாயை அடைத்துவிட்டு நம் வாயால் பேசுவதாகும்.

பேசுபவர் யார்?

இரண்டாவதாகக் கேட்க வேண்டுவது, இக்கூற்று யாருடையது என்பது. நாடகத்திலே ஒரு பாத்திரம் பேசும் சொற்களை எல்லாம் நாடக ஆசிரியரின் கொள்கை என்று கொள்வோமா? இச்சாபம் நோவாவின் வாயிலிருந்து வருகின்றது. மது மயக்கம் தெளிந்து எழுந்த ஒரு தந்தையின் சினச் சொல் அது. கடவுள் இவ்வாறு உரைத்தார் என்று நூல் சொல்லவில்லை. அதே அதிகாரத்தின் தொடக்கத்திலே கடவுள் நோவாவையும் அவர் மக்களையும் வாழ்த்துகின்றார். காமும் அவ்வாழ்த்தைப் பெற்றவனே. நூல் ஒன்றைப் பதிவு செய்வது வேறு. அதனைக் கட்டளையாக விதிப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறந்தால் விவிலியத்திலுள்ள ஒவ்வொரு கொலைக்கும் வஞ்சகத்திற்கும் கூட நாம் அறநூற் சான்று தேடிவிடலாம்.

சொல்லின் பொருள் என்ன?

மூன்றாவது, சொல்லாராய்ச்சி. காம் என்றால் கருமை என்னும் வாதம் கேட்பதற்குச் சுவையாக இருக்கின்றது. ஒலி ஒத்திருப்பதனால் பொருளும் ஒத்திருக்கும் என்று கொள்வது எம்மொழியிலும் உள்ள மயக்கமே. டேவிட் கோல்டன்பர்க் என்னும் அறிஞர் இச்சாபத்தின் வரலாற்றை முழுவதும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட நூலில், காம் என்னும் பெயரின் முதல் மெய்யும், வெப்பத்தையும் கருமையையும் குறிக்கும் எபிரேய வேர்ச்சொற்களின் முதல் மெய்யும் பழங்காலத்தில் வெவ்வேறு ஒலிகள் என்று காட்டியிருக்கிறார். எபிரேய எழுத்தில் அவ்விரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்து வழங்கியதனால் பின்வந்தோர் மயங்கினர். ரகரத்திற்கும் றகரத்திற்கும் ஒரே எழுத்து இருந்திருப்பின் அரத்தையும் அறத்தையும் எத்தனை பேர் ஒன்றாக்கி உரை எழுதியிருப்பரோ!

நூல் முழுவதும் சொல்வது என்ன?

நான்காவது, ஓரிடத்தின் பொருளை நூலின் பிற இடங்களோடு வைத்துப் பார்த்தல். மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை என்று யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் விதிக்கின்றது. ஆப்பிரிக்கக் கரையில் நடந்தது மனிதத் திருட்டு அன்றி வேறென்ன? எசமானிடமிருந்து தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைத்தல் ஆகாது என்று உபாகமம் 23 கூறுகின்றது. ஆனால் தப்பியோடிய அடிமையைப் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று 1850இல் அமெரிக்க நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. தந்தையின் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் தொடரும் என்று யாத்திராகமம் 20 கூறுகின்றது. மகன் தந்தையின் குற்றத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 அதனினும் தெளிவாகச் சொல்கின்றது. மிகக் கடுமையான கணக்கை எடுத்துக்கொண்டாலும் நான்கு தலைமுறையோடு முடிய வேண்டிய கடனை, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தையின் கழுத்தில் மாட்டியது எந்த உரை நெறி?

நான்கு கேள்விகள் கேட்டோம். நான்கிலும் இவ்வுரை நிற்கவில்லை. அப்படியாயின் அறிவும் பக்தியும் உடையவர் பலர் இதனை ஏன் நம்பினர்? நம்புவதால் அவர்களுக்கு ஆதாயம் இருந்தது. ஆகவே நாம் ஐந்தாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இவ்வுரையால் பயன் பெறுபவர் யார்? உரைகாரருக்கே பயன் தரும் உரையை இருமடங்கு ஐயத்தோடு சோதிக்க வேண்டும்.

நல்லவர் பக்கமும் சறுக்கல் உண்டு

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால் அது வழக்குரைஞர் வேலையாகும்; திறனாய்வு ஆகாது. அடிமை முறையை எதிர்த்தவர்களின் உரையையும் அதே தராசில் நிறுக்க வேண்டும்.

தியோடோர் வெல்டு என்பவர் 1837இல் அடிமை முறைக்கு எதிராக விவிலியச் சான்றுகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். மனிதத் திருட்டுக்கு விதித்த தண்டனையை அவர் முன்னிறுத்தியதும், கானானின் சாபம் ஆப்பிரிக்கரைச் சாராது என்று மறுத்ததும் நேரிய உரைகளே. ஆனால் பழைய இசரவேல் மக்களிடையே உண்மையான அடிமை முறையே இல்லை, விலைக்கு வாங்கப்பட்டவர் யாவரும் மனமுவந்து பணிக்கு வந்தவரே என்று நிலைநாட்ட அவர் முயன்றபோது சறுக்கிவிட்டார். லேவியராகமம் 25ஆம் அதிகாரம், சுற்றியுள்ள இனத்தாரிடம் அடிமைகளை வாங்கலாம், அவர்களைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்லலாம் என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. யாத்திராகமம் 21, அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிர் பிழைத்திருந்தால் எசமானுக்குத் தண்டனை இல்லை என்கின்றது. இவை மனத்தை வருத்தும் பகுதிகள்தாம். ஆயினும் வருத்துகின்றன என்பதற்காக இல்லை என்று சொல்ல முடியுமா?

எதிர்த் தரப்பினர் இப்பகுதிகளைச் சுட்டிக் காட்டி, "நாங்களே நூலை உள்ளபடி படிக்கிறோம், நீங்கள் வளைக்கிறீர்கள்" என்று பெருமிதத்தோடு பேச, இத்தகைய உரைகள் வாய்ப்பளித்தன. நல்ல முடிவுக்காகச் செய்த தவறான உரை, தீய முடிவுக்குப் படைக்கலம் ஆயிற்று.

இவ்விடத்தில் அகுஸ்தீன் நினைவுக்கு வருகிறார். ஏறத்தாழ கி.பி. 396இல் தொடங்கி 426 வாக்கில் முடித்த கிறித்தவப் போதனை பற்றிய நூலில், விவிலியத்திற்கு உரை காணும் நெறிகளை அவர் வகுத்தார். கடவுள்மீதும் பிறர்மீதும் உள்ள அன்பை வளர்க்காத உரை எதுவும் நூலை உணர்ந்த உரையாகாது என்பது அவர் தலையாய விதி. ஆனால் அவர் அதனோடு நிற்கவில்லை. பிழையான உரையின் வழியாக ஒருவன் அன்பை வந்தடைந்தால், அவன் பாதையை விட்டு வயலின் குறுக்கே நடந்து ஊர் சேர்ந்தவனை ஒப்பான். ஊர் சேர்ந்தான் என்று விட்டுவிடாமல் அவனைத் திருத்த வேண்டும். இல்லையேல் வழிதவறும் பழக்கம் நாளை அவனை வேறெங்கோ கொண்டு சேர்த்துவிடும் என்கிறார். வெல்டு போன்றவர்க்கு இதனினும் பொருத்தமான அறிவுரை இல்லை.

ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுவோம். இவ்வளவு சிறந்த விதியை வகுத்த அகுஸ்தீனே, கடவுளின் நகரம் என்னும் தம் பெருநூலில் அடிமை நிலை பாவத்தின் விளைவு என்று எழுதி, அதற்கு நோவாவின் சொல்லையே சான்று காட்டினார். நிறத்தையோ இனத்தையோ அவர் அதனோடு இணைக்கவில்லை. இயற்கையில் எவரும் அடிமையாகப் படைக்கப்படவில்லை என்றே கூறினார். எனினும் அச்சான்று அன்பின் விதிக்கு முன் எவ்வாறு நிற்கும் என்று அவர் சோதிக்கவில்லை. விதி வகுத்தவரும் அவ்விதிக்கு உட்பட்டவரே என்பதை இதனால் அறிகிறோம்.

லேவியராகமத்தை என்ன செய்வது? அது கூறுவதைக் கூறியபடி ஒப்புக்கொள்வது முதற்கடமை. பழங்கால உலகில் நிலவிய ஒரு வழக்கத்தை அந்நூல் ஏற்று, சிலவிடத்துக் கட்டுப்படுத்தியது, ஒழிக்கவில்லை. பிறகு கேட்க வேண்டும்: ஒரு காலத்துக்கும் ஒரு நாட்டுக்கும் உரிய சட்டம் எது? எக்காலத்துக்கும் உரிய அறமாக நூலே உயர்த்திப் பிடிப்பது எது? தன்னைப்போல் பிறனை நேசிக்க வேண்டும் என்பதும் அதே லேவியராகமத்தில்தான், 19ஆம் அதிகாரத்தில் இருக்கின்றது. இயேசு பெருமான் தலையாய கட்டளைகளுள் ஒன்றாக எடுத்தது 25ஐ அன்று, 19ஐ. நூலே காட்டும் இவ்வரிசையைப் பின்பற்றுவது நூலை வளைப்பதாகாது.

யாருக்கு எழுதிய கடிதம்?

சின்னஞ்சிறு நூலான பிலேமோன் கடிதம் இந்நெறிகளுக்கு மற்றொரு சோதனைக்களம். ஒநேசிமு என்னும் அடிமையை அவன் எசமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பும் பவுல், அவனை இனி அடிமையாக அன்றி, அதனினும் மேலாக, அன்புடைய உடன்பிறப்பாக ஏற்குமாறு வேண்டுகிறார்.

1833இல் ஜார்ஜியா மாநிலத்தில், தாமும் தோட்ட உரிமையாளரான சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்னும் போதகர், அடிமைகள் கூட்டத்தில் இக்கடிதத்தின்மேல் பேசினார். எசமானுக்குக் கீழ்ப்படிதல் வேண்டும், தப்பியோடுதல் குற்றம் என்று பவுலின் பெயரால் வற்புறுத்தினார். கேட்டிருந்தோரில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டனர். எஞ்சியவர்களில் சிலர், அப்படி ஒரு கடிதமே விவிலியத்தில் இல்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். இதனைப் பின்னர் எழுதிவைத்தவர் அப்போதகரே.

அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைச் சட்டம் தடுத்திருந்த மாநிலம் அது. கடிதம் இல்லை என்று அவர்கள் சொன்னது பிழைதான். ஆனால் உரை நெறியின்படி பார்த்தால், அவர்கள் ஐயுற்றது சரியான இடத்திலேயே. அக்கடிதம் அடிமைக்கு எழுதப்பட்டதன்று, எசமானுக்கு எழுதப்பட்டது. அதிலுள்ள வேண்டுகோள் முழுவதும் எசமான்மீது சுமத்தப்பட்ட கடமை. போதகர் முகவரியை மாற்றிவிட்டார். எசமானிடம் படித்துக் காட்ட வேண்டியதை அடிமையிடம் படித்துக் காட்டினார். அவர் உரைத்த அப்படிப்பட்ட கடிதம் உண்மையிலேயே விவிலியத்தில் இல்லை!

நம் தமிழ் மொழிபெயர்ப்பிலும் இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கிரேக்க மூலத்தில் 'டூலொஸ்' என்னும் சொல் அடிமையைக் குறிப்பது. பழைய தமிழ் விவிலியம் பிலேமோன் கடிதத்தில் அதனை அடிமை என்றே பெயர்த்தது. எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் எசமானுக்குக் கீழ்ப்படியுமாறு கூறுமிடத்தில் அதே சொல்லை வேலைக்காரர் என்று பெயர்த்தது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் அடிமைக்கு நேரான சொல்லை இரண்டே இடங்களில்தான் ஆள்கின்றது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பணியாள் என்னும் பொருளுடைய சொல்லே. மென்மையான சொல் படிப்பவர் மனத்தை உறுத்தாது. ஆனால் மூலம் எந்த உலகத்தைப் பார்த்துப் பேசியது என்பதையும் மறைத்துவிடும். மொழிபெயர்ப்பும் ஓர் உரையே என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்த இது நல்ல எடுத்துக்காட்டு.

கத்தரியும் ஓர் உரை

உரை எழுதாமலே நூலைத் திரிக்கவும் வழி உண்டு. பிரித்தானியரின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்த அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் ஒரு சுருக்க விவிலியம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் இல்லை. எகிப்தில் அடிமைப்பட்ட மக்கள் விடுதலை பெற்று வெளியேறிய வரலாறு இல்லை. அடிமை என்றும் உரிமையாளன் என்றும் வேற்றுமை இல்லை எனக் கலாத்தியர் 3 கூறும் பகுதி இல்லை. கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் பகுதி மட்டும் இருக்கின்றது. அச்சிட்ட ஒவ்வொரு சொல்லும் விவிலியச் சொல்லே. ஆயினும் அது விவிலியம் அன்று. ஒரு நூலின் பாதியை எடுத்துக்கொண்டு அதுவே நூல் என்று காட்டுவதைவிடப் பெரிய பொய்யுரை இல்லை. நெறிகளுள் முதன்மையானது முழுமை என்பதை இக்கத்தரி நமக்குக் கற்பிக்கின்றது.

நெறி யாருக்குக் காவல்?

நான்காண்டுப் போருக்குப் பின், 1865இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அடிமை உடையவர் சமயப் பரப்பாளராகலாமா என்னும் பூசலில் பிரிந்து 1845இல் தோன்றிய தென் பாப்டிஸ்டு சபை, தன் பழைய நிலைக்காக 1995இல் மன்னிப்புக் கோரியது. 150 ஆண்டுகள்! ஓர் உரைப்பிழையைத் திருத்துவதற்கு எத்தனை தலைமுறை வேண்டியிருக்கின்றது, பாருங்கள்.

கறுப்பினச் சமய அறிஞரான ஹோவர்டு தர்மன் 1949இல் வெளியிட்ட நூலில் தம் பாட்டியைப் பற்றி எழுதுகிறார். அடிமையாகப் பிறந்த அம்மூதாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பேரனை விவிலியம் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஆனால் பவுலின் கடிதங்களைப் படிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் மட்டும் எப்போதாவது விலக்குப் பெறும். எசமானின் போதகர், அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்று பவுலின் பெயரால் திரும்பத் திரும்ப ஓதியதே அதற்குக் காரணம். பிழையான உரை, ஒரு பக்தையிடமிருந்து அவருடைய மறைநூலின் ஒரு பகுதியையே பறித்துவிட்டது.

எழுத்தறியாத அம்மூதாட்டி பவுலின் கடிதங்களுள் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தார். அது அன்பின் அதிகாரம். அகுஸ்தீன் ஏடு எழுதி வகுத்த விதியை, அவர் வாழ்வில் பட்ட அடியினால் கண்டுகொண்டார்.

உரை நெறிகள் புலவர்கள் தம் புலமையைக் காட்டுவதற்கு அமைந்த வேலி அல்ல. நூலைத் தாமே திறந்து பார்க்க இயலாதவர்க்கு, நூலின் பெயரால் ஓங்கும் கையிலிருந்து காவல் அவை. என்ன எழுதியிருக்கின்றது, யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், சொல்லின் பொருள் என்ன, நூல் முழுவதும் என்ன கூறுகின்றது, இவ்வுரையால் யாருக்குப் பயன் என்னும் கேள்விகளை மாணவன் ஒருவன் எழுந்து கேட்டால், ஆசிரியர் முகம் சுளிக்க வேண்டா. அக்கேள்விகளைக் கேட்கத் துணிந்தவர் போதிய அளவில் இருந்திருப்பின், கானானுக்கு இட்ட சாபம் கடல் கடந்து போயிருக்காது.